இலைச்சருகுக்கு அடியில் ஒரு போர்

ஜெர்மனியின் கீழ் சாக்சனி மாநிலத்தில், காலெஃபெல்ட் என்ற ஊருக்குப் பக்கத்தில், ஹார்ட்ஸ்ஹோர்ன் என்று ஒரு காட்டு மேடு இருக்கிறது. சுண்ணாம்புப் பாறையாலான மேடு. அதன்மேல் அடர்ந்த மரங்கள். மரங்களுக்கு அடியில் ஆண்டாண்டாக உதிர்ந்து மட்கிய சருகு. வடக்கிலிருந்து தெற்கே போகிறவர்களுக்கு இந்த இடத்தில் வழி குறுகிவிடும். இன்றைய ஏ7 நெடுஞ்சாலையும் இந்த மேட்டை ஒட்டியே போகிறது.

2000ஆம் ஆண்டில் இரண்டு பேர் மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு இந்தக் காட்டுக்குள் போனார்கள். இடைக்காலக் கோட்டை ஒன்றின் தடயம் கிடைக்குமா என்று பார்ப்பதுதான் அவர்கள் நோக்கம். அனுமதி வாங்கவில்லை. கோட்டை கிடைக்கவில்லை, துருவேறிய இரும்புச் சாமான்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்று விசித்திரமான வடிவத்தில் இருந்தது. பழைய மெழுகுவத்தித் தாங்கியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள். 2008இல்தான் விவரம் தெரிந்தவர்கள் அது என்னவென்று சொன்னார்கள்: குதிரை, கோவேறு கழுதைகளின் குளம்பில் ரோமானியர்கள் கட்டிய இரும்புச் செருப்பு. செய்தி தொல்லியல் துறைக்குப் போனது. ஆய்வாளர்கள் காட்டுக்குள் வந்தார்கள். கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் ரோமானியப் படை ஒன்று மோதிய போர்க்களம் சருகுக்கு அடியில் கிட்டத்தட்ட அப்படியே கிடந்தது.

அந்த நூற்றாண்டில் ரோமானியப் படை அங்கே வந்திருக்கும் என்று வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலோர் நினைத்ததே இல்லை. கி.பி. 9இல் டியூட்டோபர்க் காட்டில் மூன்று லீஜியன் படைப்பிரிவுகளைப் பறிகொடுத்த ரோம், சில ஆண்டுகளில் ரைன் நதிக்கரைக்குப் பின்வாங்கியது; அதற்குப் பிறகு ஜெர்மானியக் காடுகளின் உட்பகுதிக்கு அது பெரும்படை அனுப்பவில்லை என்பதே பொதுவான கருத்து. அந்தக் கருத்தை மாற்றியவை பொற்காசுகள் அல்ல. செருப்பு ஆணிகளும் அம்பு முனைகளும்தான்.

இதில் கருவிக்கும் பங்குண்டு, காட்டு மண்ணுக்கும் பங்குண்டு. ஆனால் சாட்சி சொன்னது மூன்றாவது ஒன்று: ஒவ்வொரு பொருளும் கிடந்த இடம். பொருளை எடுத்துவிட்டு இடத்தைத் தொலைத்தால் கையில் மிஞ்சுவது உலோகம் மட்டுமே. ஏன் அப்படி என்பதை விளங்கிக்கொள்ள, கருவியிலிருந்து தொடங்குவோம்.

மண்ணுக்குள் போய்த் திரும்பும் காந்தப்புலம்

மெட்டல் டிடெக்டரின் அடியில் இருக்கும் வட்டத் தலைக்குள் செம்புக் கம்பிச்சுருள்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்று அனுப்பும் சுருள். அதில் மின்னோட்டம் நொடிக்குப் பல ஆயிரம் தடவை திசை மாறி ஓடுகிறது. அதனால் சுருளைச் சுற்றி எழும் காந்தப்புலமும் அதே வேகத்தில் மாறிக்கொண்டிருக்கும். மாறும் காந்தப்புலத்துக்குள் ஒரு கடத்தி இருந்தால் அதில் மின்னோட்டம் பிறக்கும் என்று 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்தார். மண்ணுக்குள் ஒரு காசு கிடந்தால் அதிலும் சிறு சுழல்களாக மின்னோட்டம் ஓடத் தொடங்கும். நம் சமையலறையில் இண்டக்‌ஷன் அடுப்பு பாத்திரத்தின் அடியைச் சூடாக்குவதும் இந்தச் சுழல் மின்னோட்டத்தால்தான்.

காசில் ஓடும் மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு சிறு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அது எப்போதும் தன்னைத் தோற்றுவித்த மாற்றத்தை எதிர்க்கும் விதமாகவே அமையும். இதுதான் லென்ஸ் விதி. இந்த எதிர்ப்புலத்தைப் பிடிப்பது இரண்டாவது சுருள், அதாவது வாங்கும் சுருள். அனுப்பும் சுருளின் பலத்த புலம் நேராகத் தாக்கினால் காசின் மெல்லிய பதில் அதில் அமுங்கிப்போகும். அதனால் அனுப்பும் சுருளின் விளைவு தன்னில் ஏறத்தாழ சுழியாகும்படி வாங்கும் சுருளைப் பொருத்தி வைக்கிறார்கள். உலோகம் எதுவும் இல்லாத இடத்தில் கருவி மௌனமாக இருக்கும். உலோகம் வந்தால் சமநிலை குலையும், ஒலி எழும்.

ஒலியைக் கேட்டதும் என்ன உலோகம் என்று ஓரளவு சொல்ல முடிவது எப்படி? பதில் எவ்வளவு பிந்தி வருகிறது என்பதைக் கருவி அளக்கிறது. வெள்ளி, செம்பு போன்ற நல்ல கடத்திகளில், அதுவும் காசைப் போலக் கனமான துண்டுகளில், சுழல் மின்னோட்டம் எளிதில் அடங்காது. பதில் அதிகம் பிந்தும். மெல்லிய அலுமினியத் தாளில் சட்டென்று அடங்கிவிடும்; பிந்தல் குறைவு. இரும்பு வேறு வகை. சுழல் மின்னோட்டம் போக, இரும்பு தானே காந்தமாகிப் புலத்தைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். அந்தப் பதிலின் சாயலைக் கருவி தனியாக இனங்காணும். இவற்றையெல்லாம் ஓர் எண்ணாக மாற்றித் திரையில் காட்டுகிறார்கள்.

அந்த எண்ணை முழுக்க நம்ப முடியாது. சிறிய தங்க மோதிரமும் கசங்கிய அலுமினியத் துண்டும் ஏறத்தாழ ஒரே எண்ணைக் காட்டலாம். கடத்துதிறன், தடிமன், அளவு, சாய்வு எல்லாம் சேர்ந்த ஒற்றைப் பதில்தான் கருவிக்குக் கிடைக்கிறது. அதிலிருந்து ஒவ்வொன்றையும் பிரித்தெடுக்க அதற்கு வழியில்லை.

ஆழமும் கடுமையான எல்லை. சுருளின் அளவைவிடத் தூரம் கணிசமாகக் கூடும்போது, காந்தப்புலம் தூரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறைகிறது. காசிலிருந்து திரும்பிவரும் புலமும் அதே விதத்தில் குறைகிறது. இரண்டும் சேர்ந்தால் ஆறாம் அடுக்கு. தூரம் இரண்டு மடங்கானால் கிடைக்கும் பதில் 64இல் ஒரு பங்குதான். விலை உயர்ந்த கருவியாலும் ஒற்றைக் காசை ஓரிரு சாண் ஆழத்துக்குக் கீழே பிடிக்க முடியாமல் திணறுவது இதனால்தான்.

மண்ணும் சும்மா இருப்பதில்லை. மாக்னடைட் போன்ற காந்தத் தன்மையுள்ள இரும்புக் கனிமங்கள் மண்ணில் இருந்தால் அவையும் பதில் தரும். நடு ஐரோப்பியக் காடுகளில் பல நூற்றாண்டுகளாகக் கரிமூட்டம் போட்டார்கள். மூட்டத்தின் சூட்டில் மண்ணிலிருக்கும் சாதாரண இரும்பு ஆக்சைடுகள் காந்தத் தன்மை கூடிய வடிவத்துக்கு மாறிவிடும். மூட்டம் போட்ட இடத்தில் உலோகமே இல்லாவிட்டாலும் கருவி முனகும். அதனால் ஒவ்வொரு இடத்திலும் மண்ணின் பதிலைக் கழித்துவிட்டு எஞ்சியதைக் கேட்கும்படி கருவியைச் சரிசெய்ய வேண்டும்.

குண்டைத் தேடிய கருவி

இந்தக் கருவி காசு தேடப் பிறந்ததல்ல. 1881 ஜூலை 2 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் கார்ஃபீல்ட் வாஷிங்டனில் சுடப்பட்டார். உடலுக்குள் குண்டு எங்கே இருக்கிறது என்று மருத்துவர்களுக்குத் தெரியவில்லை. எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்படாத காலம். தொலைபேசியை உருவாக்கிய அலெக்சாண்டர் கிரஹாம் பெல், சுருள்களைச் சமநிலையில் வைத்த கருவி ஒன்றைக் கொண்டுவந்தார். படுக்கையிலிருந்த எஃகுச் சுருள்கம்பிகள் அதைக் குழப்பின. குண்டு வலப்பக்கம் இருப்பதாக நம்பிய தலைமை மருத்துவர் அந்தப் பக்கம் மட்டுமே தேட விட்டார். குண்டு இருந்ததோ இடப்பக்கம். செப்டம்பர் 19 அன்று கார்ஃபீல்ட் இறந்தார். பெல்லின் கருவியில் இருந்த தத்துவம் பிழையற்றது. தேட வேண்டிய இடத்தில் தேட விடப்படாததால் அது தோற்றது.

அடுத்த பெரும் முன்னேற்றத்தைப் போர்தான் கொண்டுவந்தது. ஜெர்மானியப் படையெடுப்புக்குப் பின் பிரிட்டனுக்கு வந்த போலந்து ராணுவப் பொறியாளர் யூசெஃப் கொசாட்ஸ்கி, ஒரே ஆள் தூக்கிச் செல்லக்கூடிய கண்ணிவெடி தேடும் கருவியை உருவாக்கினார். 1942இல் எல் அலமெய்ன் பாலைவனத்தில் கண்ணிவெடி வயல்களைத் தாண்ட பிரிட்டிஷ் படைக்கு அது உதவியது. போர் முடிந்ததும் உபரிக் கருவிகள் பொதுமக்கள் கைக்கு வந்தன. பொழுதுபோக்குக்காகக் காசு தேடும் பழக்கம் மேற்கு நாடுகளில் அதற்குப் பிறகுதான் பரவியது.

காடு காப்பதும் காடு தின்பதும்

வயலில் கிடக்கும் பழம்பொருளுக்கு ஒவ்வோர் உழவும் ஓர் இடமாற்றம். கலப்பை அதைப் புரட்டும், இழுத்துப் போடும், உடைக்கும். உரத்திலிருக்கும் உப்புகள் அரிப்பை விரைவுபடுத்தும். காட்டில் உழவில்லை. போர் முடிந்த அன்று விழுந்த இடத்துக்கு ஓரிரு அடி தூரத்துக்குள்ளேயே ஒரு பொருள் 1,800 ஆண்டுகள் கிடக்கலாம்.

ஆனால் பொருள்கள் கீழே இறங்கும். அதற்குக் காரணத்தைப் பொறுமையாகத் தேடிக் கண்டுபிடித்தவர் சார்லஸ் டார்வின். கார்ஃபீல்ட் சுடப்பட்ட அதே 1881இல் அவருடைய கடைசி நூல் வெளிவந்தது. அதன் பொருள் மண்புழு. புழுக்கள் அடிமண்ணைத் தின்று மேலே கொண்டுவந்து கழிக்கின்றன. மேலே கிடந்த பொருளைச் சுற்றி மண் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது, பொருள் மூழ்குகிறது. வயலில் பரப்பிய சுண்ணாம்பும் சாம்பல்கட்டிகளும் பல ஆண்டுகளுக்குப் பிறகு எவ்வளவு ஆழத்தில் இருந்தன என்று டார்வின் தோண்டி அளந்தே பார்த்தார். புழுக்கள் நடமாடும் அடுக்கின் அடிவரை பொருள்கள் இறங்கி அங்கே தங்கிவிடும். ஊசியிலை மரக்காட்டின் புளித்த மண்ணில் மண்புழு குறைவு. பாறைமேல் மெல்லிய மண்போர்வை மட்டும் உள்ள மேட்டில் இறங்க இடமே இல்லை. அத்தகைய இடங்களில் பழம்பொருள்கள் கருவிக்கு எட்டும் ஆழத்திலேயே நின்றுவிடுகின்றன.

அதே புளித்த மண் உலோகத்தைத் தின்னவும் செய்யும். தங்கத்துக்கு ஒன்றும் ஆகாது. வெள்ளியின் மேல் கறுப்பும் சாம்பலும் கலந்த படலம் ஏறும். செம்பும் வெண்கலமும் பச்சைப் படலம் பூண்டு, அந்தப் படலத்தாலேயே ஓரளவு காக்கப்படும். இரும்புக்கு அந்தக் காப்பு இல்லை. துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் உப்பிப் பிளந்துகொண்டே போகும். ஹார்ட்ஸ்ஹோர்ன் மேட்டின் சுண்ணாம்புப் பாறை அங்கே பெரும் உதவி செய்தது. சுண்ணாம்பு மண்ணின் புளிப்பை மட்டுப்படுத்தியது; ஆயிரத்துக்கும் அதிகமான இரும்புப் பொருள்கள் அடையாளம் தெரியும் நிலையில் எஞ்சின.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். காசு தேடுகிற பொழுதுபோக்காளர்கள் பலர், குப்பை ஆணிகளைத் தவிர்ப்பதற்காகக் கருவியில் இரும்பின் பதிலை அடக்கிவைப்பார்கள். அந்த அமைப்போடு ஹார்ட்ஸ்ஹோர்னில் நடந்திருந்தால் சில காசுகள் கிடைத்திருக்கும். போர் மட்டும் கண்ணில் பட்டிருக்காது. அங்கே கதை சொன்னதெல்லாம் இரும்பு.

ஆணிகளைக் கோத்தால் ஒரு படை

ரோமானியச் சிப்பாயின் தோல் செருப்பின் அடியில் இரும்பு ஆணிகள் வரிசையாக அடிக்கப்பட்டிருக்கும். நடக்க நடக்க அவை கழன்று விழும். அப்படி ஓர் ஆணியை அருகில் வைத்துப் பார்த்தால், விரல் நகத்தைவிடச் சிறிய துருக் கட்டி, அவ்வளவுதான். எக்ஸ் கதிர்ப் படம் எடுத்தால் குவிந்த தலையும் குட்டையான முனையும் தெரியும். சீசர் காலத்து ஆணிகள் பெரியவை. தலையின் உட்பக்கத்தில் சிலுவைக் கோடுகளும் சிறு புள்ளிகளும் இருக்கும். பிற்கால ஆணிகள் சிறியவை. ஆக, ஓர் ஆணியே தான் எந்தக் காலத்தது என்று ஓரளவு சொல்லிவிடும்.

ஆனால் ஓர் ஆணியால் படை போன வழியைச் சொல்ல முடியாது. நூற்றுக்கணக்கான ஆணிகள் கிடந்த இடங்களை ஒவ்வொன்றாக அளந்து வரைபடத்தில் குறித்தபோதுதான், கோலப் புள்ளிகளைக் கோடு இணைப்பதுபோல, சரிவில் ஏறிய படையின் தடம் புலப்பட்டது.

அம்பு முனைகள் இன்னும் துல்லியமாகப் பேசின. ரோமானியர்களிடம் முறுக்கு விசையால் இரும்பு முனையுள்ள கனமான அம்புகளை எய்யும் எறிபொறிகள் இருந்தன. அந்த அம்பு முனைகள் மண்ணில் குத்தி நின்ற வாக்கிலேயே கிடைத்தன. முனை எந்தத் திசையைப் பார்க்கிறது, எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதிலிருந்து அது எங்கிருந்து எய்யப்பட்டது என்று கணக்கிட முடிந்தது. ஆய்வாளர்கள் கோத்த சித்திரம் இது: ரோமானியப் படை வடக்கே போய்விட்டுத் தெற்கே திரும்பிக்கொண்டிருந்தது. குறுகிய வழியை ஜெர்மானியர்கள் அடைத்து நின்றார்கள். படை எறிபொறிகளால் மேட்டைத் தாக்கி வழி திறந்துகொண்டு போனது. மூன்று இறகுள்ள அம்பு முனைகளும் கிடைத்தன. அவை கீழைநாட்டு வில்லாளர்கள் பயன்படுத்தியவை.

காலத்தைச் சொன்னவை காசுகள். முதலில் பேரரசர் காமடஸ் காலத்து நாணயம் கிடைத்தது. பிறகு செவரஸ் அலெக்சாண்டரின் வெள்ளி தினாரியஸ்கள் கிடைத்தன. அவர் ஆண்டது கி.பி. 222 முதல் 235 வரை. ஓரிடத்தில் கிடைக்கும் காசுகளில் கடைசியாக அச்சானது எதுவோ அதற்கு முன்பு அந்தச் சம்பவம் நடந்திருக்க முடியாது. கோடரி ஒன்றில் நான்காம் லீஜியனின் பெயர் பொறித்திருந்தது. அந்தப் படை இன்றைய பெல்கிரேடில் பாசறை கொண்டிருந்தது. எல்லாம் சேர்ந்து ஒரே காலத்தைச் சுட்டின: செவரஸ் அலெக்சாண்டர் சொந்தப் படையாலேயே கொல்லப்பட்டு, மாக்சிமினஸ் த்ராக்ஸ் அரியணை ஏறி, ஜெர்மானியாவுக்குள் படையெடுத்த 235, அல்லது அதை ஒட்டிய ஆண்டு.

இந்தப் படையெடுப்பு நூல்களில் இல்லாத செய்தியல்ல. கிரேக்க வரலாற்றாசிரியர் ஹீரோடியன் அதை எழுதியிருக்கிறார். மாக்சிமினஸ் படையில் கீழைநாட்டு வில்லாளர்கள் இருந்ததையும் குறிப்பிடுகிறார். ‘ஹிஸ்டோரியா அகஸ்டா’ என்ற லத்தீன் நூலின் கையெழுத்துப் படிகளில் மாக்சிமினஸ் 300, 400 மைல் உள்ளே போனதாக இருந்தது. அவ்வளவு தூரம் போயிருக்க வழியே இல்லை என்று கருதிய பிற்காலப் பதிப்பாசிரியர்கள் அதை 30, 40 என்று திருத்திவிட்டார்கள். படி எழுதியவர் பிழை செய்திருப்பார் என்பது அவர்கள் முடிவு. காட்டுக்குள் கிடந்த துருப்பிடித்த ஆணிகள் மூலபாடத்தின் பக்கம் நின்றன. ஏட்டைத் திருத்தியவர்களை மண் திருத்தியது என்பது அறிவியலுக்குக் கிடைத்த மிகப் பெரிய மகிழ்ச்சிகளில் ஒன்று.

கால்க்ரீசவிலும் கோவையிலும் ஒரே காசு

ஹார்ட்ஸ்ஹோர்னுக்கு முன்னோடி கால்க்ரீச. அதுவும் கீழ் சாக்சனியில்தான். மலைக்காட்டுக்கும் சதுப்புக்கும் நடுவே குறுகிய நிலப்பட்டை. அந்த வட்டாரத்தில் கிடைத்த ரோமானியத் தங்க, வெள்ளிக் காசுகளை வைத்து, வாருஸ் என்ற தளபதி டியூட்டோபர்க்கில் மூன்று லீஜியன்களோடு அழிந்த களம் இதுவாக இருக்கலாம் என்று 1885இலேயே வரலாற்றாசிரியர் தியடோர் மாம்சென் எழுதினார். உறுதிப்படுத்த அன்றைக்கு வழியில்லை. 1987இல் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி டோனி கிளன், தொல்லியல் துறைக்குச் சொல்லிவிட்டுத் தேடினார். டிடெக்டர் வெள்ளிக் காசுகளைக் காட்டியது. பிறகு ஈயத்தாலான கவண் குண்டுகள் கிடைத்தன. காசு வணிகர் கையிலும் இருக்கும்; கவண் குண்டு படையிடம்தான் இருக்கும். அகழாய்வு தொடங்கியது.

அங்கே கிடைத்த செம்புக் காசுகள் சிலவற்றில் வாருஸின் பெயரைச் சுருக்கி முத்திரை குத்தியிருந்தது. அவர் ஜெர்மானியாவில் ஆளுநராக இருந்தது கி.பி. 7 முதல் 9 வரை. கி.பி. 9க்குப் பிந்தைய காசு எதுவும் அந்தக் களத்தில் இல்லை. பல காலமாக நடந்த விவாதத்தில் கால்க்ரீசவுக்குப் பலத்த ஆதரவு தேடித் தந்தது இந்தச் சான்றுதான்.

வெள்ளிக் காசுகளில் ஒரு வகை தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அந்நியமல்ல. ஒரு பக்கம் பேரரசர் அகஸ்டஸின் தலை. மறுபக்கம் அவருடைய பேரன்களும் தத்துப் பிள்ளைகளுமான காயஸ், லூசியஸ் இருவரும் நிற்க, நடுவே கேடயங்களும் ஈட்டிகளும். இன்றைய பிரான்ஸின் லியோன் நகரத்தில் அச்சானது. தென்னிந்தியாவில் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுக் குவியல்களில் மிக அதிகம் காணப்படுபவை இரண்டு வகைகள். ஒன்று இது, மற்றது அடுத்த பேரரசர் டைபீரியஸின் காசு. கோவைக்குப் பக்கத்தில் வெள்ளலூரில் 1842இல் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து வெள்ளிக் காசுகள் ஐந்நூறுக்கு மேல் கிடைத்தன. லியோனில் அச்சான ஒரே வகைக் காசு, வடக்கே ஜெர்மானியக் காட்டில் சிப்பாயின் சம்பளமாக விழுந்து கிடந்தது; தெற்கே கொங்கு மண்ணில் வணிகத்தின் செல்வமாகப் புதைந்து கிடந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் காசில் வேறுபாடு தெரியாது. எது போர், எது வணிகம் என்று சொல்வது கிடந்த இடம்தான்.

இடம் தொலைந்த தட்டு

இடத்தைத் தொலைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஜெர்மனியிலேயே சான்று இருக்கிறது. 1999 ஜூலையில் சாக்சனி-அன்ஹால்ட் மாநிலத்தில், நேப்ரா நகருக்குப் பக்கத்தில் மிட்டல்பெர்க் என்ற காட்டுக் குன்றின்மேல் இரண்டு பேர் டிடெக்டரோடு சட்டவிரோதமாகத் தேடினார்கள். மண்ணுக்கு அடியில் வெண்கல வாள்கள் இரண்டு, கோடரிகள், உளி, கைவளையங்கள், அவற்றோடு 32 செ.மீ. விட்டமுள்ள வெண்கலத் தட்டு. தட்டின்மேல் தங்கத் தகட்டில் பிறை நிலவும், முழு வட்டமும், விண்மீன்களும். வானத்தைக் குறிப்பாக வரைந்து காட்டிய, உலகின் மிகப் பழைய சித்திரங்களில் ஒன்று.

கொத்திய வேகத்தில் தட்டின் விளிம்பு சிதைந்தது. ஒரு விண்மீன் பெயர்ந்தது. மறுநாளே எல்லாவற்றையும் 31,000 மார்க்குக்கு விற்றுவிட்டார்கள். பொருள்கள் கைமாறிக்கொண்டே போயின. 2002 பிப்ரவரியில், தொல்லியலாளர் ஹரால்ட் மெல்லர் வாங்க வந்தவராக நடித்து சுவிட்சர்லாந்தின் பாசல் நகர ஹோட்டல் ஒன்றில் விற்பவர்களைச் சந்தித்தார். காவல்துறை தட்டை மீட்டது. தோண்டியவர்களுக்குத் தண்டனை கிடைத்தது.

அதன்பின் ஆய்வுக்கூடங்கள் செய்த வேலை வியக்க வைப்பது. வாளின் பிடிக்குள் ஒட்டியிருந்த பிர்ச் மரப்பட்டையைக் கார்பன் முறையில் ஆராய்ந்தபோது கி.மு. 1600ஐ ஒட்டிய காலம் கிடைத்தது. தட்டின் செம்பு ஆஸ்திரியாவின் மிட்டர்பெர்க் சுரங்கத்தைச் சேர்ந்தது என்பதும், தங்கம் இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து வந்தது என்பதும் தெரியவந்தன. தட்டில் ஒட்டியிருந்த மண்ணைக் குன்றின் மண்ணோடு ஒப்பிட்டார்கள். விளிம்பில் இருந்த தங்க வில் வளைவு, அந்தப் பகுதியில் ஆண்டு முழுவதும் சூரியன் மறையும் புள்ளி அடிவானத்தில் நகரும் கோணத்தோடு, 82 பாகையோடு, பொருந்தியது.

இவ்வளவுக்குப் பிறகும் சந்தேகம் எழுந்தது. தட்டும் வாள்களும் ஒரே குழியில் இருந்தன என்பதற்கு என்ன உறுதி என்று 2020இல் ரூபர்ட் கெபார்ட், ரூடிகர் க்ரௌஸ என்ற இரண்டு தொல்லியலாளர்கள் கேட்டார்கள். தட்டு தனியாக வேறிடத்தில் கிடைத்திருந்தால், வாளின் காலம் தட்டுக்குப் பொருந்தாது. தட்டு இரும்புக் காலத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம் என்றார்கள். எர்ன்ஸ்ட் பெர்னிக்காவும் சக ஆய்வாளர்களும் விரிவாக மறுத்தார்கள். பெரும்பான்மை வெண்கலக் காலத்தின் பக்கமே நிற்கிறது. ஆனால் ஆயிரம் ஆண்டு வேறுபாட்டைப் பற்றிய இந்த வாதம் எழ இடம் தந்தது எது? குழிக்குள் கிடந்த நிலையில் யாரும் படம் எடுக்கவில்லை, அளக்கவில்லை. முறையான அகழாய்வில் அரைநாளில் முடிந்திருக்கும் வேலை அது. அதை ஈடுகட்டப் பல ஆய்வுக்கூடங்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்தன.

கருவியை வைத்துக்கொண்டு என்ன செய்வது

டிடெக்டரைப் பகையாகப் பார்த்த தொல்லியலாளர்கள் உண்டு. இன்றைக்கு வயலிலும் காட்டிலும் பரவிக் கிடக்கும் போர்க்களத்தை ஆராய அதைவிடச் சிறந்த வழியில்லை என்பது அவர்களே ஒப்புக்கொண்ட உண்மை. அகழாய்வுக் குழி சில மீட்டர் அகலம். போர்க்களமோ கிலோமீட்டர் கணக்கில் நீளும். பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் வரிசையாக நடக்கிறார்கள். ஒலி எழுந்த இடத்தில் சிறு கொடி நடுகிறார்கள். துணைக்கோள் கருவியால் இடத்தைச் சில சென்டிமீட்டர் துல்லியத்தில் அளக்கிறார்கள். சாய்வையும் ஆழத்தையும் குறிக்கிறார்கள். பிறகே எடுக்கிறார்கள், மண்ணோடு சேர்த்து, எண் எழுதிய பையில். தேய்க்கக் கூடாது, கழுவக் கூடாது. வெண்கலக் காசின் மேற்பரப்பும் எழுத்தும் அந்தப் பச்சைப் படலத்தில்தான் இருக்கும். படலம் போனால் காசு மழுங்கல் தகடு. இரும்புக் கட்டியை முதலில் எக்ஸ் கதிரில் பார்க்கிறார்கள். துருவுக்குள் வடிவம் மட்டுமே மிஞ்சியிருக்கும் பொருள்கள் உண்டு. ஜெர்மனியின் காடுகளில் இரண்டாம் உலகப்போரின் வெடிக்காத குண்டுகள் இன்றும் இருப்பதால், அனுமதியும் பயிற்சியும் உயிர் காக்கும் விஷயமும்கூட.

இங்கிலாந்தும் வேல்ஸும் வேறு பாதையில் போயின. 1996இல் புதையல் சட்டத்தைப் புதுப்பித்து, அடுத்த ஆண்டே, பொதுமக்கள் கண்டெடுத்தவற்றைத் தாமாக வந்து பதிவுசெய்யும் திட்டத்தையும் தொடங்கினார்கள். அதில் இதுவரை 15 லட்சத்துக்கும் அதிகமான பொருள்கள் பதிவாகியுள்ளன. பொருள் பெரும்பாலும் எடுத்தவரிடமே இருக்கும். இடத்தின் விவரம் அறிவியலுக்கு வந்து சேரும். எது சிறந்த ஏற்பாடு என்பதில் நாடுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. இடத்தைப் பதிவுசெய்ய வேண்டும் என்பதில் வேறுபாடில்லை.

இந்தியாவில் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்திருந்து கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. நம் ஊர்களில் பழங்காசு கிடைப்பது பெரும்பாலும் தேடிப் போகிறவர்களுக்கல்ல. கிணறு வெட்டுகிறவர்களுக்கு, தோட்டம் திருத்துகிறவர்களுக்கு, வீட்டுக்குக் கடைக்கால் தோண்டுகிறவர்களுக்கு. காசு அகப்பட்டதும் பங்கு போட்டதும் உருக்கியதுமாக எத்தனையோ நடந்திருக்கின்றன. அங்கே உருகியது வெள்ளி மட்டுமல்ல. எந்த மாதிரிப் பானையில் இருந்தது, பக்கத்தில் சுவர் இருந்ததா, சாம்பல் இருந்ததா, பெருவழி ஓரமா, வீட்டின் உள்ளேயா என்ற விவரங்களும் போயின. ரோமானியக் காசுகளைக் கொங்கு மண்ணில் புதைத்தவர்கள் வணிகர்களா, உள்ளூர்க்காரர்களா, அது சேமிப்பா, அச்சத்தில் ஒளித்ததா என்ற கேள்விகளுக்கு விடை சொல்லும் தகுதி அந்தக் குழிகளுக்கே இருந்தது.

ஆகவே, தோண்டும்போது மண்வெட்டி ஏதாவது பழம்பொருளில் தட்டினால் செய்ய வேண்டியது எளிது. கையை நிறுத்துங்கள். கிடந்த நிலையிலேயே படம் எடுங்கள். இன்றைக்கு எல்லோர் கையிலும் இருக்கும் செல்போன் இடத்தையும் நேரத்தையும் குறித்துவிடும். துடைக்காதீர்கள், சுற்றிலும் கிளறாதீர்கள், தாசில்தாரிடமோ ஆட்சியரிடமோ சொல்லுங்கள். உங்கள் நிலத்தில் கிடைத்த ஒற்றைக் காசு பெரிய விலை போகாமல் இருக்கலாம். அது கிடந்த இடம், ஆழம், அருகில் இருந்தவை என்ற மூன்றும் சேர்ந்தால், எழுதிவைத்த வரலாற்றில் தவறாகத் திருத்திய ஒரு வரியை அது மறுபடி திருத்தக்கூடும்.